ஏலத்தில் யாரும் வாய் திறக்கவில்லை

ஒரு வாக்கியம் எழுதிக்கொடுத்து ஒரு மீனவரின் பிழைப்பைக் கெடுத்தேன். பழைய கதை இல்லை. போன மாதம்தான்.

கல்லூரியில் அரசியல் சட்டம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். என் சொந்த ஊர், வேம்பார் பஸ் போகும் சாலையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு எதுவென்று தெரியும். அங்கே சிலுவை என்றொரு மீனவர். சொந்தமாக ஒரு சின்ன வள்ளம், மனைவி ரெஜினா, இரண்டு பிள்ளைகள்.

ஒரு டிவி நிருபர் கடற்கரையில் மைக்கை நீட்டினார். சிலுவை பேசிவிட்டார். “வெளியூர்க்காரன் வந்து சுருக்குமடி போடுதான்னு சொல்லுதிய. போடுதது எங்க ஊரு பெரிய போட்டுக்காரங்கதான்.”

சுருக்குமடி, கரையோரத்தில் போடக் கூடாதென்று அரசு தடை செய்த வலை.

பேட்டி வந்த மறுநாள் ஊர்க் கமிட்டித் தலைவர் தூத்துக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். அவரும் பெரிய போட்டுக்காரர்தான், விசைப்படகு முதலாளி. கையில் ஒரு பெட்டி மக்ரூன்.

“சார், சிலுவைகூட ஒருத்தரும் பேசக்கூடாது, அவன் மீன வாங்கக்கூடாதுன்னு மைக்குல சொன்னா கேசு ஆவுமா?”

“ஆகும்.”

“அப்ப கேசு ஆவாம எப்படிச் சொல்ல?”

அந்த நிமிஷமே எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தேன். ஊர் மானத்தை டிவியில் ஏற்றிவிட்டாரே என்று எனக்கும் சிலுவை மேல் கோபம்...

“‘பேசக்கூடாது’ன்னு சொல்லாதிய. ‘சிலுவையிடம் பேசுவதும் பேசாமல் இருப்பதும், மீன் வாங்குவதும் வாங்காமல் இருப்பதும் அவரவர் சுதந்திரம்’னு சொல்லுங்க. ஒரு கோர்ட்டும் ஒண்ணும் செய்ய முடியாது.”

ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இதுக்குத்தான் ஊருக்கு ஒரு படிச்ச மனுசன் வேணுங்கது.”

அன்று சாயங்காலமே கமிட்டி மைக்கில் என் வாக்கியம் மூன்று தடவை ஒலித்தது. எல்லோருக்கும் அர்த்தம் புரிந்தது. மீறினால் அடுத்த மைக் அறிவிப்பில் யார் பெயர் வரும் என்பதும் புரிந்தது.

எங்கள் கரையில் மீன் ஏலத்தில்தான் போகும். கூடை வந்து இறங்கும், ஏலக்காரர் கூவுவார், வியாபாரிகள் விலை கேட்பார்கள். சிலுவையின் கூடைக்கும் ஏலக்காரர் கூவினார். சுற்றிலும் ஆள் நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை. தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் விற்கலாமே என்பீர்கள். ஒரு லோடு ஆட்டோக்காரரும் ஏற்றவில்லை.

சில நாள் கழித்து ரெஜினா என்னைத் தேடி வந்தார். சட்டம் தெரிந்தவர் உதவி செய்வார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“எங்க வீட்டுக்காரவுக சொன்னது பொய்யின்னா பொய்யின்னு சொல்லட்டும் சார். கேசு போடட்டும். நாலு பேரு வந்து ஏசட்டும், நாங்களும் திருப்பி ஏசுதோம். ஒருத்தரும் வாயே தொறக்கலன்னா நாங்க என்ன செய்ய? மீனு நாறுது. வள்ளத்த விக்கலாம்னு இருக்கோம்.”

அந்த வாக்கியம் என்னுடையது என்று சொன்னேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நல்லா எழுதியிருக்கிய சார்.”

கருத்துச் சுதந்திரம் எதைக் காக்கிறது? சிலுவை டிவியில் சொன்னதைக் காக்கிறது. அதே டிவியில் ஏறி அவரைக் கிழித்துத் தொங்கவிடும் உரிமையையும் காக்கிறது. வேண்டுமென்றே ஒருவர் பெயரைக் கெடுப்பதை அது காக்காது. அடி, வெட்டு என்று ஆள் ஏவுவதையும் காக்காது. பிடிக்காதவரோடு நான் பேசாமல் இருக்கலாமா? தாராளமாக. ஆனால் மைக் போட்டு ஆளை அடையாளம் காட்டி, அவர் குடும்பத்தைப் பட்டினி போட வைத்துவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பதா? பயந்து நிற்பவனின் மௌனம் அவன் கருத்தா? பிறர் வாயை அடைக்கிறவர்கள்தான் இன்று அந்த வார்த்தையை அதிகம் உச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு வார்த்தை தேடிக் கொடுக்க என்னைப் போல ஒரு படித்த முட்டாள் எப்போதும் கிடைத்துவிடுகிறான்.

கமிட்டிக்குப் போனேன். அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். “நாங்க யாரையும் தடுக்கல்லியே சார்.”

“அப்ப மைக்கக் குடுங்க. நான் எழுதுனது தப்புன்னு நானே சொல்லுதேன்.”

“மைக்கு கமிட்டிக்குள்ளது. கேட்டவுகளுக்கெல்லாம் குடுக்கணும்னு சட்டம் இருக்கா?”

இல்லை. அதையும் நான்தான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கரைக்குப் போனேன். சிலுவையின் கூடையில் ஊளி மீன். ஏலக்காரர் கூவ ஆரம்பித்தார்.

“ஐநூறு,” என்றேன். வாழ்நாளில் நான் கேட்ட முதல் ஏலம்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆனால் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லையே. விலை எப்படி ஏறும்?

“அறுநூறு,” என்றேன்.

ஏலக்காரர் தலையைச் சொறிந்தார். “சார், ஐநூறு கேட்டதும் நீங்கதான?”

“ஆமா.”

“ஒங்க வெலைக்கு மேல நீங்களே கேக்கிய.”

“எழுநூறு.”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பரவியது. தூத்துக்குடியிலிருந்து வந்து மீன் எடுக்கும் அமலி, பக்கத்துப் பெண்ணிடம் சத்தமாகவே சொன்னார்: “ஏளா, இந்த மனுசன் இம்புட்டு மீனையும் கொண்டுபோயி என்ன செய்வாரு? வீட்டுல வெரட்டி விட்டுருவாக.” பிறகு ஏலக்காரரைப் பார்த்து, “எண்ணூறு.”

அடுத்த கூடைக்கு இன்னொரு வெளியூர்க்காரர் அமலியோடு போட்டி போட்டார்.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளூர் வியாபாரிகள் இன்றுவரை சிலுவையின் மீனைக் கேட்பதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள், சுமாரான விலைக்கு. வள்ளம் இன்னும் சிலுவையிடம் இருக்கிறது. என் சித்தப்பா மகன் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறான்.

அன்றைக்கு ஏலம் முடிந்ததும் சிலுவையிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் செய்ததைப் பத்திரிகையில் எழுதப்போவதாகச் சொன்னேன். அவருடைய பேச்சுரிமையைப் பற்றி விளக்கமாக எழுதுவேன் என்றும் சொன்னேன்.

வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். “எழுதுங்க. ஊரு நான் பேசுனது தப்புங்குது. நீங்க நான் பேசலாம்ங்கிய. நான் என்ன சொன்னேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிய.”

உண்மைதானே? இந்தப் பத்தியிலும் அதை ஒரு ஓரத்தில்தான் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே தங்கி, என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்: எங்கள் ஊர்ப் பெரிய போட்டுகள் கரையோரத்தில் சுருக்குமடி போடுகின்றன. விரல் நீளக் குஞ்சு மீன்களை வாரி, கோழித்தீவனத்துக்கு லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். கமிட்டித் தலைவரின் போட்டும் அதில் உண்டு.

பொய் என்றால், வாயைத் திறந்து சொல்லட்டும்.