பழைய வெள்ளை

ஒரு வீட்டின் நோய், வைத்தியருக்கு அடுத்தபடியாக வெள்ளையடிப்பவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பொங்கலுக்கு முன் அடித்தால் பண்டிகை, ஆடியில் அடித்தால் தெரு முழுக்கக் கேள்வி. யுத்த காலத்தில் பூந்தமல்லியில் என் கணவர் இந்த வேலையை எடுத்துச் செய்தார். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த எனக்கு நிறம் கலக்கும் பொறுப்பு.

சென்னீர்குப்பத்து அறை

விவசாயக் குடும்பம். மூத்த பெண் சயரோகத்தில் இறந்திருந்தாள். ஊருக்கு விஷக்காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். அவள் கிடந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தே தீர வேண்டும் என்றார் வைத்தியர். இளையவளைப் பெண் பார்க்க எட்டு நாளில் வருகிறார்கள். சுவர் புதிதாகத் தெரிந்தால் காரணம் கேட்பார்கள். போன பொங்கலுக்கு அடித்தது போல இருக்க வேண்டும் என்றாள் தாய்.

கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஒரு பிடி மஞ்சள் காவியும் சிட்டிகை விளக்குக் கரியும் கலந்தேன். காய்ந்ததும் சுவர் ஆறிய கஞ்சியின் நிறத்தில், எதுவுமே நடக்காதது போல நின்றது. கல்யாணம் நிச்சயமானது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "செவுரு வாயத் தொறக்கல தாயி. நீயும் தொறக்காத."

எண்ணெய்க் கறை

அதன்பின் மறைக்க ஏதாவது இருந்தவர்களெல்லாம் அந்தப் பழைய வெள்ளையைக் கேட்டு வந்தார்கள். திருவேற்காட்டில் ஒரு மருமகள், மாமியார் நோயில் கிடந்து இறந்த கூடத்துச் சுவரை மாற்றச் சொன்னாள். கிழவி வருஷக்கணக்கில் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெயின் மேல் சுண்ணாம்பு நிற்காது. ஒவ்வொரு முறை காயும்போதும் தலையளவு வட்டம் மெல்லத் திரும்பி வந்தது. அவள் புருஷன், கிழவர், எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்: "மூணு தரம் அடிச்சாச்சு, அத்தை இன்னும் எழுந்து போகலையே!"

இருமல்

என் கணவர் இருமத் தொடங்கியபோது சுண்ணாம்புத் தூசி என்றோம். எல்லோரும் நம்பினார்கள். ரத்தம் படிந்த கைக்குட்டையை அலசிய எனக்கும், எங்கள் மேஸ்திரி கன்னியப்பனுக்கும் மட்டும் உண்மை தெரியும். வெளியே தெரிந்தால் எங்கள் வெள்ளையடிக்கும் மட்டையும் வாளியும் எந்த வாசலையும் தாண்டாது. கன்னியப்பன் சொன்னான்: "அண்ணாத்தே ஊட்லயே இருக்கட்டும் அண்ணி. கேட்டா, ஆவடி பக்கம் வேலைக்குப் போய்க்கீறாருன்னு சொல்லிக்கிறேன்."

எங்கள் வீடு

ஐப்பசி மழையில் அவர் போனார். மாரடைப்பு என்று சொன்னேன். அவர் படுத்திருந்த அறைக்கு நானே உட்கார்ந்து பழைய வெள்ளையைக் கலந்தேன். அவ்வளவு பொருத்தமாக அது ஒருநாளும் வந்ததில்லை.

கன்னியப்பன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். அதைத் தூக்கிப்போய் முற்றத்து மழையில் கவிழ்த்தான். பிறகு வெறும் சுண்ணாம்பில் நீலம் போட்டுக் கரைத்தான், கண் கூசும் வெள்ளை. இப்படி அடித்தால் தெருவே கேட்குமே, உனக்கும் வேலை போய்விடுமே என்று பதறினேன். மட்டையை நனைத்தபடி சொன்னான்: "ஊரா ஊட்டு சாவெல்லாம் மறைச்சிட்ட அண்ணி. நம்ம அண்ணாத்தே இன்னாத்துல செத்தாருன்னு தெரிஞ்சா தெரியட்டும்."

அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. தெருவிலேயே பளிச்சென்று இருந்தது எங்கள் வீடுதான்.