டோன் கண்ட்ரோல்

என் எலெக்ட்ரிக் கிடார் மூக்கடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. கம்பியைத் தட்டினால் கணீரென்று வர வேண்டும். என்னுடையது கம்பளிக்குள்ளிருந்து முனகியது. வாங்கிய புதிதில் அப்படி இல்லை. ஆரணியில் பட்டு பவர்லூம் ஓட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சில் கிடார் வாசிக்கிறான் என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. வாரம் முழுக்க நான் தறிக்காரன். ஆராதனை நேரத்தில் மட்டும் வேறு ஆள். அது எனக்கு வேண்டியிருந்தது.

சத்தம் தெளியட்டும் என்று ஆம்ப்ளிபயரில் மெல்லிசான சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிளை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற சர்ச்சில் ஆளாளுக்கு முகம் சுளித்தார்கள். பாடகர் குழுவை நடத்துகிற டீச்சர், ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கிடாரு காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்குது. முன்னாடி உக்காந்துகினு இருக்கிற பெரியவங்க காதுல பஞ்சு வெச்சிகினு வராங்க. ஈஸ்டருக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லாட்டி கீபோர்டு மட்டும் போதும்னு பாஸ்டர் ஐயரு சொல்றாரு."

ஊசியாம், ஊசி! எனக்குச் சாக்கைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது, இவர்களுக்குக் குத்துகிறதாம். "ஆம்ப் பழசு டீச்சர், பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதுக் கம்பி மாட்டினேன். ஒயரை மாற்றினேன். ஒயர் செருகுகிற ஜாக்கைப் பிரித்து, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தேன். கம்பிக்கு அடியில் இருந்து சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பைத் திருகி மேலே தூக்கினேன்; கம்பி அதில் போய் இடித்ததுதான் மிச்சம். பேஜாராகிவிட்டது. அப்புறம்தான் தெருவின் மேல் சந்தேகம் வந்தது. விடிந்தால் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. அதற்கு நடுவில் உட்கார்ந்து டோன் வைத்தால் எப்படி உருப்படும்?

அமாவாசைக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. நான் கிறிஸ்தவன்தான், ஆனால் முதலாளிக்கு அமாவாசை என்றால் எனக்கும் அமாவாசை.

காலையில் தெரு செத்த மாதிரி கிடந்தது. கிடாரை எடுத்து, டிரெபிளைக் கூட்டிக் குறைக்கிற டோன் கண்ட்ரோலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருகினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. "மாட்டினியா!" என்று கத்தியே விட்டேன். கண்ட்ரோல் போய்விட்டது, இதைத் தேடித்தானே இத்தனை நாள் அலைந்தேன்! கடைக்கு ஓடிப் புதிதாக வாங்கி வந்து மாட்டி, விரலைச் சுட்டுக்கொண்டு, மறுபடி திருகினேன்.

அப்போதும் வித்தியாசம் இல்லை.

என் மனைவி செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அதான் அடக்கமா வந்துச்சே, ஏன் திரும்ப ஏத்துறீங்க? காது கொடையுது."

"இன்னாத்த ஏத்துனேன்? கண்ட்ரோலே வேலை செய்யல."

"அதெல்லாம் நல்லா செய்யுது, போங்க."

திரும்பாதே என்று சொல்லிவிட்டு, ஒரே கம்பியை மீட்டிக்கொண்டே திருகினேன். "ஏறிச்சு" என்றாள். "இப்ப கொறைஞ்சுது." ஏமாற்றிப் பார்க்கலாம் என்று, திருகாமல் சும்மா மீட்டினேன். "அப்படியேதான் இருக்குது." பழைய கண்ட்ரோலைத் திரும்ப மாட்டி மீட்டினேன். அதற்கும் தப்பாமல் சொன்னாள்.

அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "போன் அடிச்சிகினே இருக்கும், நீங்க சும்மா உக்காந்திருப்பீங்க. திமிருன்னு நெனச்சுகினு இருந்தேங்க," என்றாள். கிடாரைக் கீழே வைத்தேன். அவ்வளவு பயம் நான் பட்டதில்லை.

ஷெட்டுக்குள் தறி ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். அதனால் எவனுக்குக் காது போயிற்று, எவனுக்கு இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது, காது போனவனுக்கே தெரியாது. காது டாக்டர் நான் உட்கார்ந்ததும், "தறி வேலையா?" என்றுதான் கேட்டார். மெல்லிசான சத்தம் போனது போனதுதானாம், திரும்பாதாம். தறியை விட்டால் மிச்சமாவது நிற்குமாம். விட்டுவிட்டு? என் சோறு தறியில்தானே இருக்கிறது.

ஈஸ்டருக்கு முன்னால் என் மனைவி கிடாரிலும் ஆம்பிலும் தன் காதுக்கு ஏற்றபடி திருகி வைத்து, ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தாள். "இதுக்கு மேல கை வெக்காதீங்க." கை வைக்கவில்லை. புள்ளியில் வைத்தே வாசித்தேன். பாட்டு முழுக்க எனக்குத் தொம் தொம்மென்றுதான் கேட்டது.

முடிந்ததும் டீச்சர் ஓடி வந்தார். "அண்ணே, இன்னா சவுண்டு! மணி மாதிரி கேக்குது. கிடாரு எங்கயும் போவத் தேவையில்ல. இன்னா பண்ணீங்க?"

அதையும் அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "கண்ட்ரோல் மாத்துனேன் டீச்சர்," என்றேன். மணி மாதிரி கேட்டதை நானும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை தறியைப் போட்டதும், பக்கத்துத் தறிக்காரன் கம்பி மீட்டுகிற மாதிரி கையை ஆட்டி, எப்படி இருந்தது என்று கேட்டான். நல்லா இருந்துச்சாம் என்று உதட்டை அசைத்தேன்.