காற்று பிடுங்கப்படும்

மூசி ஆறு வெறுமனே நாறிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவுக்குச் சொந்தக்காரர்கள்கூட வரமாட்டார்கள். இப்போதும் அது நாறுகிறது. ஆனால் கலர் விளக்கோடு நாறுகிறது. கரையில் நடைபாதை போட்டு, ஊஞ்சல் கட்டி, போட்டோ எடுக்க இதய வடிவத்தில் ஓர் இரும்பு வளைவையும் நட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாதி ஹைதராபாத் இங்கேதான். மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். போட்டோவுக்கு மட்டும் கையை எடுப்பார்கள்.

பூங்காவைக் கட்டியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், வருகிறவர்கள் வண்டியில் வருவார்கள் என்பதைத் தவிர. அப்புறம் நினைவு வந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தை பார்க்கிங்குக்கு ஒதுக்கினார்கள். நடப்பதற்கென்றே வருகிற ஜனங்கள் அங்கிருந்து நடக்க மாட்டார்கள். எங்கள் வாசலை அடைத்து காரை நிறுத்திவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு, உடம்புக்கு நல்லது என்று நடக்கப் போவார்கள்.

நைனா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகன் தள்ளும் கலாசியாக இருந்தவர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு, மலிவாகக் கிடைக்கிறதே என்று இங்கே இடம் வாங்கினார். ஏன் மலிவு என்பதை மூக்கு சொல்லியிருக்கும், அவர் கேட்கவில்லை. அவருக்கும் அம்மாவுக்கும் அரக்கோணம் பக்கம். இரண்டு பேருக்கும் கையெழுத்து கிடையாது, கைநாட்டுதான். வீட்டில் முதலில் படித்தவன் நான். கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை படித்துச் சொல்வது என் உத்தியோகம். எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று நம்புவதும் அதோடு சேர்ந்துவந்த வியாதி.

போன தீபாவளிக்கு முன்னால் தங்கையைப் பெண் பார்க்க மௌலா அலியிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். வந்தார்கள் என்றால், தெருமுனை வரைக்கும். அங்கே ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்கும் எவனோ குறுக்கே போட்டுவிட்டுப் போன ஜீப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, ரிவர்ஸிலேயே திரும்பிப் போனார்கள். "வீட்டுக்குள்ளயே வர முடியலையே, சகுனம் சரியில்ல" என்று போனில் முடித்துவிட்டார்கள். தங்கை முதலில் சிரித்தாள். அன்றைக்குக் கட்டின பட்டுப்புடவையை மடித்து வைக்கும்போது சிரிக்கவில்லை.

அதனால்தான் போர்டு எழுதினேன். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ், கடைசியில் எங்கள் மனநிறைவுக்குத் தமிழ். "தயவுசெய்து வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள்." முதல் வாரம் ஒருவர் அதில் ஹெல்மெட்டை மாட்டினார். அடுத்த வாரம் இன்னொருவர் நாயைக் கட்டினார். நான் போய்ச் சொன்னால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "தோ மினிட், பாய்." இந்த ஊரின் இரண்டு நிமிஷம் கடிகாரத்தில் இருப்பதல்ல. கூட்டிவந்த குழந்தை ஊஞ்சலாடி, பஞ்சுமிட்டாய் தின்று, வாந்தியெடுத்து, தூங்கிப்போகும் வரை அது ஓடும்.

தயவு பலிக்கவில்லை என்று அழித்து எழுதினேன்: "இங்கே நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்."

நைனா படிக்கச் சொல்லிக் கேட்டார். "யாருடா புடுங்குவா?"

"யாருன்னு இல்ல நைனா. பிடுங்கப்படும். அவ்வளவுதான்."

"அதான், யாரு?"

"செய்வினைன்னாதான் யாருன்னு சொல்லணும். இது செயப்பாட்டு வினை."

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "செய்வினையா? அய்யே! எந்தப் பாவிடா வெச்சது? அதான் மௌலா அலி வரன் தட்டிப்போச்சா?"

நான் அம்மாவுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தபோது நைனா பீடியைப் பற்றவைத்தார். "யாருன்னு போடல இல்ல? அப்போ எவனும் புடுங்கப் போறதில்ல."

தெருவும் அப்படித்தான் புரிந்துகொண்டது. தங்கை தமிழில் கேட்டால் தெலுங்கிலோ, இந்த ஊர் உருதுவான தக்கனியிலோதான் பதில் சொல்வாள். போர்டைப் பார்த்து, "கைக்கு அண்ணா, கைக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஏன் அண்ணா உனக்கு இந்த வேலை என்று அர்த்தம்.

அடுத்த வரன் போலாரத்திலிருந்து. மாப்பிள்ளைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் வாசல்படி தாண்டிவிட வேண்டும் என்று அம்மா போனில் மூன்று தரம் சொன்னாள். இந்த முறையும் போனால் இந்த வீட்டையே விற்றுவிடு என்று நைனாவிடம் சொன்னதை அடுத்த அறையில் தங்கையும் கேட்டாள்.

மத்தியானமே வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு இடம் பிடித்தோம். நைனா அதன்மேல் காவலுக்குப் படுத்துக்கொண்டார். வழிகாட்ட நான் தெருமுனையில் நின்றேன். நின்றேன் என்பது பெயருக்குத்தான். நடுரோட்டில் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குழந்தைக்கு சட்டை மாற்றிய ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் போலாரம் கார் என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

நைனா கவனித்துவிட்டார். சட்டென்று எழுந்து, கட்டிலை இழுத்து ஓரம் போட்டு, ஒர்க்‌ஷாப்பில் வேகனை உள்ளே வாங்குவதுபோல இரண்டு கையாலும், "வா, வா, வா" என்று காட்டியிருக்கிறார். காரை ஓட்டிய பையன் அவரைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான், ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வேறு யாரோ என்று நினைத்து நைனா மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார்.

அவர்கள் வந்து சேர்ந்தது நடந்து. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து, ஆற்றின் வாசனையை முழுதாக அனுபவித்து, பழத்தட்டோடு. மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா. மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது.

"மன்னிச்சுக்கங்க அங்கிள்" என்றார் மாப்பிள்ளை நைனாவிடம். "நிறுத்தாதேன்னு எழுதியிருந்துச்சு. நீங்க கூப்பிட்டதும் பார்க்கிங்குக்குக் காசு வாங்குறவர்னு நெனச்சுட்டேன்."

"நானும் சொன்னேங்க" என்றார் அவருடைய அம்மா. "ஊரே நிறுத்தியிருக்கு, நாம நிறுத்துனா என்னடான்னு. எழுதியிருந்தா இவன் கேக்கவே மாட்டான்."

நாலு வருஷம் காலேஜில் படித்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. என் போர்டை ஒரு மனுஷன் படித்திருக்கிறான், கீழ்ப்படிந்தும் இருக்கிறான். யாருக்காக அதை எழுதினேனோ அவர்களைத்தான் அது துரத்தியிருக்கிறது என்பது அடுத்த நொடியில் உறைத்தது.

அதற்குள் அம்மா கடிகாரத்தைப் பார்த்து முகம் செத்து நின்றாள். ராகு காலம் தொடங்கிவிட்டது. "உள்ள வாங்க" என்று சொல்லவும் வாய் வரவில்லை, "வராதீங்க" என்று சொல்லவும் முடியவில்லை.

நைனாதான் வழி கண்டுபிடித்தார். "படி தாண்டினாதான வந்ததா கணக்கு? இங்கியே குந்துங்க."

ஆக, என் தங்கையைப் பெண் பார்த்தது தெருவில், எங்கள் பார்க்கிங் இடத்தில். கயிற்றுக்கட்டிலில் மாப்பிள்ளையும் பெரியப்பாவும், பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் அம்மா. ஒரு பக்கம் மக்காச்சோளம் சுடுகிறவரின் புகை, இன்னொரு பக்கம் பலூன்காரரின் பீப்பீ. தங்கை காபித் தட்டோடு படியிறங்கி வந்து முதல் டம்ளரை மாப்பிள்ளைக்கு நீட்டிய நேரம், ஒரு வெள்ளைக் கார் கட்டிலை ஒட்டி வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார்.

"நிகல்ரே க்யா, பாய்?" கிளம்புகிறீர்களா என்று கேட்கிறார்.

"பெண் பார்க்க வந்திருக்காங்க" என்று இந்தியில் சொன்னேன்.

அவர் எல்லோரையும் மரியாதையாக ஒரு தரம் பார்த்தார். "அச்சா, அச்சா. தோ மினிட்ல முடிஞ்சிடுமா?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறியது. தங்கை தலையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்பது டம்ளர்கள் ஆடியதில் தெரிந்தது.

பேசி முடித்ததும் மாப்பிள்ளை, "பெரியவங்க நடக்க வேணாம், நான் போய் வண்டி எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். நானும் நைனாவும் கட்டிலை உள்ளே தூக்கிப் போனோம். உள்ளே போனதும் நைனா குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாடா இது, போர்டைப் பாத்து ஓடுறான்? இந்த ஊர்ல எப்பிடிப் பொழைப்பான்?"

"படிச்சவர் நைனா, அதான்."

"நீயும்தான் படிச்ச. உன் வாசல்ல உன் வண்டிக்கு இடமில்ல."

கட்டிலைச் சுவரில் சாய்த்துவைத்தேன். வெளியே வந்தால், கட்டில் இருந்த இடத்தில் வெள்ளைக் கார். ஓட்டியவர் குடும்பத்தோடு இறங்கி ஆற்றைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார். திரும்பாமலே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

தங்கை அவரைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். பட்டுப்புடவைக் கொசுவத்தை முழங்கால்களுக்கு நடுவே ஒதுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, வால்வு மூடியைக் கழற்றி ஊசியை உள்ளே அழுத்தினாள். உஸ்ஸென்ற சத்தம் பீப்பீயைத் தாண்டிக் கேட்டது.

"அடிப்பாவி, போச்சுடி" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் கார் அப்போதுதான் வந்தது. அவர் இன்ஜினை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பொறுப்பாக, "அந்த மூடி பத்திரங்க. உருண்டுச்சுன்னா சாக்கடைக்குள்ள போயிடும்" என்றார்.

"ஹவ்" என்றாள் தங்கை. தக்கனியில் சரி என்று அர்த்தம். மூடியை வெள்ளைக் காரின் பானெட் மேல் நேராக நிமிர்த்தி வைத்தாள்.

அவர்கள் போன பிறகு அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நைனா மட்டும் போர்டுக்கு எதிரில் போய் நின்றார். "இப்ப யாருன்னு தெரியுது இல்ல?" என்றார் என்னிடம்.

போலாரம் போய்ச் சேர்ந்ததும் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "பையன் சரின்னுட்டான். எழுதினதைச் செய்யுற ஒரு ஆளை இன்னிக்குத்தான் பார்த்தானாம். உங்க பொண்ணு என்ன சொல்லுது?"

"ஹவ்" என்றாள் தங்கை, போனைப் பார்த்து.

வாசலில் அந்த வெள்ளைக் கார் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கவில்லை போலிருக்கிறது.