மச்சான் விட்டுவைத்த இடம்

செம்மண்டலத்து அலுவலகத்தில் மச்சான் தன் வரைபடத்தை மேசையில் விரித்து, சுருளாமலிருக்க நாலு மூலையிலும் டீ தம்ளர்களை வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் படம் சுருட்டியபடியே என் கையில் இருந்தது. அவர் என் மனைவியின் அண்ணன். இருவருமே அங்கே கட்டடப் படம் வரைகிறவர்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முதலாளி மனை வாங்கியிருந்தார். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க ஓட்டலும், வேலைக்கு வந்து குடியேறுகிறவர்களுக்கு வீடுகளும் அதே மனையில் அடுக்குமாடியாக நிற்க வேண்டும் என்றார். ஆளுக்கொரு படம் வரைந்தோம்.

நான் கீழே ஓட்டலும் மேலே வீடுகளுமாக, எல்லோரும் ஒரே லிஃப்டில் ஏறும்படி வரைந்திருந்தேன். மச்சான் சாலைப் பக்கம் ஓட்டலை நிறுத்தி, பின்தெருவில் தனி வாசல் வைத்து வீடுகளைப் பிரித்திருந்தார். முதலாளி என்னுடையதைப் பாதிதான் பார்த்தார். "ரூம் போட வர்றவங்களும் குடித்தனக்காரங்களும் ஒரே லிப்டுல போனா எவன் வூடு வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு மச்சான் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டது நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பல வருஷங்களாக அவர் படமே ஜெயித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் மனைவி வேறு அண்ணன் பெருமையைச் சோற்றோடு பரிமாறுவாள்.

அவர் படத்தைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே தீயணைப்பு வண்டி திரும்ப இடம் போதாது என்று பார்த்ததுமே தெரிந்தது. நகலில் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். பிறகு அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்தக் குறையாலேயே படம் அனுமதி இல்லாமல் திரும்பி வந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் மச்சானைக் கடிந்துகொண்டபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்த இனிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மச்சான் ஒவ்வொரு தளத்திலும் இரண்டு ஓட்டல் அறைகளைக் குறைத்து, நடுவில் தாராளமாக வெற்றிடம் விட்டுப் புதிதாக வரைந்தார். முன்னதைவிட அது அழகாக இருந்தது. காற்றும் வெளிச்சமும் வந்தால் வீடுகள் சீக்கிரம் விற்கும் என்று சொல்லி முதலாளியையும் சம்மதிக்க வைத்துவிட்டார். அந்த நாட்களில்தான் பழைய நகலைத் தேடி என் இழுப்பறையைத் திறந்தவர் பென்சில் வட்டத்தைக் கண்டார். "தெரிஞ்சிருக்கு. சொல்லியிருக்கலாம் மாப்ள" என்றார். அவ்வளவுதான். தங்கையிடம் அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

மச்சான் இறந்து இரண்டு வருஷமாகிறது. மனைவியின் பிடிவாதத்தால் நாங்கள் அந்தக் கட்டடத்திலேயே வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். மாலையில் அந்த வெற்றிடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். சொந்தக்காரர் யார் வந்தாலும் மனைவி பால்கனிக்கு அழைத்துப்போய், அண்ணன் விட்ட இடம் என்று காட்டுவாள். அந்த நேரம் பார்த்து எனக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.

போன மாதம், அடுத்த தெருவில் இதேபோல் கட்டப்போகிற ஒருவர் என்னிடம் படம் கேட்டு வீட்டுக்கு வந்தார். பால்கனியிலிருந்து கீழே பார்த்தவர், "இந்த மாதிரி நடுவுல எடம் வுடணும் சார். இது யாரு யோசனை?" என்றார்.

மனைவி காபியோடு பின்னால் வந்து நிற்பது தெரியாமல், "என்னோடதுதான்" என்றேன்.

அவள் அவர் கையில் தம்ளரைக் கொடுத்தாள். "ஆமாங்க, இவுங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவள் பால்கனிக் கதவைத் திறப்பதில்லை.