கடையநல்லூர்க் கம்பளிக்குள் தேர்ந்தெடுத்த டார்ச்

எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. பெட்டியில் வெளிச்சம் ஆயிரம் லூமென் என்று போட்டிருந்தால் நூறாவது தேறுமா என்றுதான் பார்ப்பேன். ஆனால் இந்த முறை நான் தேடியது இருப்பதிலேயே மங்கலாக எரியும் டார்ச்சை. சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும், ஊதுபத்தி நுனி அளவுக்கு வெளிச்சம் தந்தால் போதும்.

காரணம் என் வீட்டுக்காரர் சந்திரன். அவருக்கு ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சமே ஆகாது. போன வருடம் கொடைக்கானல் விடுதியில் கரண்ட் போன நேரத்தில் மாத்திரை தேடுகிறேன் என்று நான் போன் லைட்டைப் போட, அது நேராக அவர் முகத்தில் அடிக்க, மனுஷன் இரண்டரை நாள் எழுந்திருக்கவில்லை. ஊர் திரும்பியதும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வீட்டோட இருந்துக்கிறேன். நீ மட்டும் போயிட்டு வா." இருபது வருடமாகச் சேர்ந்தே ஊர் சுற்றியவர்கள் நாங்கள்.

அதன் பிறகு ஆன்லைனில் இரண்டு டார்ச் வாங்கினேன். முதலாவதில் மங்கல் வெளிச்சம் உண்டு, ஆனால் மூன்றாவது அழுத்தலில்தான் வரும். முதல் அழுத்தலிலேயே முழு வெளிச்சமும் பளீரென்று அடித்துவிடும். அப்புறம் மங்கல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? இரண்டாவது மங்கலாகவே தொடங்கியது. போன் கேமராவைத் திறந்து அதன் வழியாகப் பார்த்தேன். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடின. கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிந்து மங்கலாக நடிக்கிறது என்று அர்த்தம். தலைவலிக்காரருக்கு அந்தத் துடிப்பே போதும். அதற்கு நாற்பது பேர் 'சூப்பர்' என்று விமர்சனம் எழுதியிருந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ!

ஆக, டார்ச் இல்லாமலேயே ஆனி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை ஆறரைக்கு மதுரையில் இருந்து குற்றாலம் கிளம்பினோம். எங்கள் பழைய நீலக் கார், ஓட்டுவது நான். சிவகிரியில் டீ குடித்தபோது கடைக்காரரிடம் புலம்பினேன். கடையநல்லூரில் வெளிநாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார். அவருக்கு அதில் என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன்.

பத்து மணிக்குக் கடையநல்லூர். மதுரையில் இருந்து சுமார் 140 கிலோமீட்டர். அத்தர், கம்பளி, பாதாம் பருப்பு எல்லாம் அடுக்கிய சின்னக் கடை. உரிமையாளர் ஐம்பத்தைந்து வயது பாய், வளைகுடாவில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். சந்திரன் கறுப்புக் கண்ணாடி போட்டு காரிலேயே சாய்ந்திருந்தார். நான் நோட்டும் பேனாவுமாக உள்ளே போனேன். 350, 1,200, 2,400 ரூபாய் என்று மூன்று டார்ச்சுகளை எடுத்து வைத்தார். எதற்கு என்று அவர் கேட்க, நான் விஷயத்தைச் சொன்னேன். மூன்றையும் அப்படியே திருப்பி உள்ளே வைத்துவிட்டார். விலை உயர்ந்ததை எவராவது தானாக உள்ளே வைப்பார்களா? அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மேசை இழுப்பறையில் இருந்து விரல் நீளத்தில் இன்னொன்றை எடுத்தார். பெட்டி இல்லை, ஓரத்தில் கீறல். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒற்றை செல்லில் எரிவது. பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்:

"அங்க லேபர் கேம்ப்ல ஒரு ரூம்புக்கு எட்டு பேரும்மா. ஒருத்தன் டூட்டிக்குப் போவான், ஒருத்தன் வந்து படுப்பான். சட்டை தேடுததுக்கு லைட்டப் போட்டா ஏழு பேரும் எந்திரிச்சு ஏசுவானுவ. இந்த மாதிரி டார்ச்ச வச்சித்தான் காலத்த ஓட்டுனோம்."

பகலில் எப்படிச் சோதிப்பது? பின்னால் குடோன் இருட்டாக இருக்கும், போய்ப் பாருங்கள் என்றார். தெரியாத ஊரில் குடோனுக்குள் போவேனா? முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியில் இருந்து கனமான இரட்டைக் கம்பளி ஒன்றை உருவி, "அப்ப இதுக்குள்ள போங்க" என்றார். நாற்பத்தேழு வயதில், கைப்பையை இடுக்கிக்கொண்டு, ஒரு கடையின் நடுவில் புலிப்படம் போட்ட கம்பளிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வேர்த்துக் கொட்டியது. டார்ச்சை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே மங்கல். இருபது தடவை அணைத்து அணைத்துப் போட்டேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கேமராவில் கோடு இல்லை.

விலை 900 என்றார். பணத்தை எடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"அவருக்கு ஒத்துக்கிடுதான்னு மொதல்ல பாருங்க. துட்டக் குடுத்துட்டா, நல்லா இல்லன்னாலும் நல்லாருக்குன்னுதான் மனசு சொல்லும். திரும்பிப் போகையில தாங்க."

முன்பணமும் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாமாம். இது என்ன கூத்து? நாளைக்குக் கீறல் போட்டது நான்தான் என்று சொன்னால்? அவர் கண் முன்னாலேயே டார்ச்சை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

தென்காசி வழியாகக் குற்றாலம் அங்கிருந்து சுமார் 23 கிலோமீட்டர். அறை வாடகை 1,400. வியாழன் காலை ஆறேகாலுக்கு ஐந்தருவி. கூட்டம் இல்லை, சாரல் அருமை. சந்திரன் ஒரு மணி நேரம் அருவியிலேயே நின்றார். வெளியே வரும்போது மேகம் விலகி, ஈரப்பாறை எல்லாம் வெயிலில் மின்னியது. அவர் நெற்றியைப் பிடித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பதினொரு மணிக்குள் படுக்கையில் விழுந்தார். ஜன்னலுக்குத் திரை கிடையாது. போர்வை, துண்டு, என் புடவை எல்லாவற்றையும் கட்டி அறையை இருட்டாக்கினேன்.

மதியம் இரண்டு இருபதுக்கு அவருக்கு வாந்தி முட்டியது. மாத்திரைப் பையில் இரண்டு அட்டைகள், இரண்டும் ஒரே வெள்ளி நிறம். எது வாந்திக்கு, எது வலிக்கு என்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும். இருபது தடவை சோதித்த டார்ச்தான், அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளங்கையால் முகப்பை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்தினேன். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தேன். அட்டையில் எழுத்து மட்டும் தெரிந்தது. மாத்திரையைப் பிரித்து அவர் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்தேன். அவர் கண் திறந்தே இருந்தது.

"லைட்ட மட்டும் போட்டுறாத" என்றார் மெதுவாக.

லைட் என் கையில் எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து தயிர்சாதம் சாப்பிட்டார். இரண்டரை நாள் கிடக்க வேண்டியவர்! மறுநாள் கிளம்பும்போது அவராகவே கேட்டார், அடுத்த தடவை புளியறை தாண்டி கேரளாப் பக்கம் போவோமா என்று. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பார்க்கலாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குக் கடையநல்லூர் வந்தால் கடை பூட்டியிருக்கிறது. ஜும்மா தொழுகை நேரம் என்பது உறைக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் கடையையே காலி செய்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். நீங்கள் போனால் வெள்ளி மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள். டார்ச் எங்கே வாங்கினாலும், முதல் அழுத்தலில் எந்த வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். கேமரா வழியாகப் பாருங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் செல்லில் எரிவதாக வாங்குங்கள். லூமென் கணக்கைக் கண்டுகொள்ளாதீர்கள். கூச்சப்படாமல் கம்பளி கேளுங்கள்.

இரண்டு மணிக்குப் பாய் வந்தார். சந்திரனே காரில் இருந்து இறங்கி வந்து, நல்லா இருக்கு என்று அவரிடம் சொன்னார். 900 ரூபாயைக் கொடுத்துவிட்டு, மனதில் அரித்ததைக் கேட்டேவிட்டேன்: எந்த நம்பிக்கையில் பணம் வாங்காமல் கொடுத்தீர்கள்?

"நம்பிக்கையா?" என்றார் பாய். கல்லாவுக்கு அடியில் இருந்து ஒரு டைரியை எடுத்துப் பிரித்தார். "நீங்க கம்பளிக்குள்ள இருக்கையில வெளிய போயி வண்டி நம்பர எழுதிட்டு வந்துட்டேம்லா."

என் கார் எண், நீல வண்டி, கறுப்புக் கண்ணாடி ஆள். எல்லாம் இருந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. இவரை நம்பலாம் என்று முதல்முறையாக முழு மனதோடு நினைத்தேன்.

எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் தப்பாக இருந்தது. அவரிடம் பேனா வாங்கி நானே திருத்தி, பக்கத்தில் என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.