கன்னாஜியின் ரோஜாப் பாத்தியில் முளைத்த புதினா

கீழே களைக்கொட்டால மண்ணைக் கொத்துற சத்தம். கூடவே மாடி பால்கனி வரைக்கும் குப்புனு புதினா வாசனை...

எழுபதுகளோட கடைசி. டெல்லி ஆர்.கே.புரத்துல கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி மாயவரத்துலேர்ந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நானும் ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்.

கீழ் வீட்டுல கன்னாஜி. ஆபீஸ் நேரம் போக மீதியெல்லாம் அவருக்கு ரோஜாதான். ஃப்ளவர் ஷோ நெருங்கிட்டா, மாமியார் புது மருமகளை நோட்டம் விடற மாதிரி ஒவ்வொரு இலையா பார்ப்பார்.

அந்தப் பாத்தியிலதான் திடீர்னு புதினா. யாரும் நடல.

முதல்ல நாலு தளிர். தோட்டக்காரர் ராம்சரண் கொத்திப் போட்டார். அடுத்த வாரம் பத்துப் பன்னெண்டு. மறுபடி கொத்தினார். அதுக்கடுத்த வாரம் எண்ணவே முடியல. காபி டம்ளரோட எட்டி எட்டிப் பார்ப்பேன்... வெட்ட வெட்ட எப்படிக் கூடுது? எங்க வீட்டுக்காரரைக் கேட்டா, ஆபீஸ் ஃபைலும் அப்படித்தான்னுட்டு பேப்பருக்குள்ள போயிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில, கொத்தின மண்ணோட வெளிய வந்ததைப் பார்த்தேன். வெள்ளையா, கயிறு மாதிரி, கணுக்கணுவா வேர்...

அந்தப் புதினா என்னோடது!

டிசம்பர் குளிர்ல, நான் காலி நெய் டின்ல வளர்த்த புதினா கருகி வெறும் குச்சியாயிடுச்சு. குளிர்ல செடி கருகி நான் பார்த்ததே இல்ல. செத்துப் போச்சுன்னு நெனச்சு, மண்ணை வீணாக்குவானேன், ரோஜாவுக்காவது ஆகட்டும்னு கன்னாஜி பாத்தியில கொட்டிட்டேன். கொட்டறப்ப இதே வெள்ளைக் கயிறு மண்ணுக்குள்ள சுத்தியிருந்துச்சு. அப்ப அக்கம்பக்கத்துல யாரும் கண்ணுல படல. காலி டின் சமையலறைப் பரண்ல போய் உட்கார்ந்துடுச்சு.

கீழே கன்னாஜி கத்திட்டு இருந்தார். நீ கொண்டுவந்த எருவுலதான் இது வந்திருக்கு, நாளையிலேர்ந்து வராதேன்னு. ராம்சரண் தலையைக் குனிஞ்சு நின்னார். எங்க பிளாக்ல நாலு வீட்டுல அவருக்குத் தோட்ட வேலை. கன்னாஜி நிறுத்தினா மத்தவங்களும் நிறுத்திடுவாங்க.

நான் வாயைத் திறக்கல. சாயங்காலம் மலை மந்திர் போனேன், முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியல. யாருக்குத் தெரியப் போகுது, சும்மா இருன்னார் வீட்டுக்காரர்.

ஞாயித்துக்கிழமை காலையில ராம்சரண் தன்னோட கூடையை எடுத்துட்டுப் போக வந்திருந்தார். அவர் கிளம்பறதுக்குள்ள கீழே ஓடினேன். நல்லவேளை, ஹிந்தியிலயும் அது புதீனாதான்.

"பாயி சாப், யே புதீனா மேரா ஹை. மைனே டாலா."

என்னோடது, நான்தான் போட்டேன்... அதுக்கு மேல எனக்கு ஹிந்தி வரல.

கன்னாஜி திட்டுவார்னு பார்த்தா, ராம்சரண் பக்கம் திரும்பினார், அவர் முகத்தைப் பார்க்க முடியாம ரோஜாவைப் பார்த்தார். உள்ளேர்ந்து மூணு கிளாஸ் சாய் வரவழைச்சார். முதல் கிளாஸ் ராம்சரணுக்கு. அதுக்கு மேல மன்னிப்பு கேட்க அவருக்குத் தெரியாது.

ராம்சரண் சிரிச்சார். "மரா நஹீ தா, பெஹன்ஜி. சோ ரஹா தா."

சாகலையாம், தூங்கிட்டு இருந்ததாம்! கொத்தினா ஒவ்வொரு கணுவும் ஒரு செடியாகும், விரலால முழுசா உருவணும்னார். மூணு பேரும் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் உருவினோம். ஒண்ணு என் கை நீளம் வந்துச்சு. ராம்சரண் ஒரே ஒரு துண்டைத் தனியா எடுத்து வெச்சு, அந்த நெய் டின்னைக் கொண்டு வாங்கன்னார். வருஷா வருஷம் ஜனவரியில டின்னைக் கவுத்து, உள்ளே சுத்திக்கிட்டு இருக்கறதை வெட்டி நடணும்னு சொன்னார்.

ரோஜாவுக்குப் பரிசு கிடைக்கல. அதுக்குப் புதினா காரணமில்லன்னு கன்னாஜியே சொன்னார். பாதிதான் நம்பினேன்.

இப்ப துவாரகாவுல ஃப்ளாட். போன்ல தட்டினா பத்து நிமிஷத்துல புதினாக் கட்டு வந்துடுது. ஆனாலும் பால்கனியில ஒரு தொட்டி வெச்சிருக்கேன். போன டிசம்பர்ல மருமக, இது செத்துப் போச்சும்மா, தூக்கிப் போட்டுடவான்னு கேட்டா. இரு, தூங்குதுன்னேன். அப்படியே அந்தக் கதையையும் சொன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நெய் டின்னுன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா, அந்தத் தோட்டக்காரருக்கு எப்படித் தெரியும்?"

நாப்பது வருஷத்துக்கு மேல எனக்கு இது தோணவே இல்ல...

நான் கொட்டினதை அவர் பார்த்திருக்கார். பார்த்துட்டு, வேலை போனப்பவும் வாயைத் திறக்கல.