அப்பாவின் ரிவால்வருக்கு அண்ணன் போட்ட பாலீஷ்

என் அண்ணனோடு நான் பேசுவதில்லை. சொத்துத் தகராறா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சொத்துமில்லை, சுண்டைக்காயுமில்லை. ஒரு பழைய போலீஸ் ரிவால்வர். அது இப்போது என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது கோபம் ஒன்றுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்பா தாராபுரத்திலும் பவானியிலும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இலாகாவில் பழைய ஆயுதங்களைக் கழித்து விட்டபோது அதில் ஒன்றை முறையாகப் பணம் கட்டி, லைசென்ஸ் எடுத்து வாங்கிக்கொண்டார். பார்க்க அப்படியொன்றும் அழகாக இருக்காது. கறுத்த இரும்பு, அங்கங்கே பழுப்புத் திட்டு, எத்தனையோ கைகள் பிடித்து வழுவழுத்துப்போன கைப்பிடிக் கட்டை, அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். இது வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு என்பார் அப்பா. "நாட்டுக்குச் சுதந்திரம் வர்றதுக்கு முந்தியே இது யூனிபார்ம் போட்டிருச்சு கண்ணு" என்று என்னிடம் சொல்லும்போது அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு இருக்கும்.

யாரும் நம்பவில்லை. அதிலும் அண்ணன் இருக்கிறாரே, விருந்தாளி வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "ஏனுங்கப்பா, அந்தப் பொட்டு வெடித் துப்பாக்கியைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டா ரெண்டு டீக்குத் தேறுமுங்களா?" எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு உள்ளே போய் அவர் பீரோவைப் பூட்டுகிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லஞ்சம் வாங்கத் தெரியாத போலீஸ் என்று ஊரே இளக்காரமாகச் சொன்ன மனுஷன். அவருக்குப் பொய் சொல்லவும் வராது. அப்படிப்பட்டவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அதைப் போய்ப் பொய் என்றது வீடு. அப்பா அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

அவர் போனபிறகு லைசென்ஸ் அண்ணன் பெயருக்கு மாறியது. விற்றுவிடலாம் என்றார் அண்ணன். விற்றுக்கொள், அதற்கு முன்னால் அதன் வயது தெரிந்தாக வேண்டும் என்றேன் நான். விலை எனக்குப் பொருட்டே இல்லை. அப்பா சொன்னது நிஜம் என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும், சிரித்த அத்தனை பேர் காதிலும் அது விழ வேண்டும். அவ்வளவுதான். கோயமுத்தூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். "இருக்கறது இருக்கறபடியே கொண்டு வாங்க. துணி போட்டுக்கூடத் தொடைக்காதீங்க" என்றார். அதை அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

நடுவில் ஆயுத பூசை வந்து தொலைத்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆயுத பூசை என்றால் லேத்து முதல் ஸ்பேனர் வரை குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொள்ளும். அப்பாவும் அன்றைக்கு ரிவால்வரை எடுத்து வைத்து ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். அதோடு சரி. அண்ணனோ கோயமுத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருக்கிறவர். பம்பு உதிரிப் பாகங்களுக்குப் பஃப் சக்கரத்தில் மெருகேற்றி நிக்கல் முலாம் பூசித் தருகிற வேலை. துருவைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பளபளவென்று இருந்தால்தான் விலை போகும் என்பது அவர் வேதம்.

பூசை முடிந்த பிறகு பெரியவர் கடைக்குப் போனோம். அண்ணன் ரிவால்வரை மேசை மேல் வைத்துத் துண்டைப் பிரித்தார் பாருங்கள். கல்யாண வீட்டுச் சொம்பு மாதிரி மின்னியது. பழைய கைப்பிடியைக் காணோம், புதிதாக ஈட்டி மரக் கட்டை போட்டு வார்னிஷ் அடித்திருந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருங்க இப்படிச் செஞ்சது?"

"நானேதானுங்க" என்றார் அண்ணன். என்ன பெருமை அந்த முகத்தில்! "ஆளுககிட்டக்கூடக் குடுக்கலீங்க. எமரித் தாள்ல தேச்சு, பஃப் போட்டு, நிக்கல்ல முக்கி எடுத்துப்போட்டேன்."

"இதோட வயசைச் சொல்றதே இதுல இருந்த எழுத்துகதானுங்களே. குழாய்ல முத்திரை, குண்டு போடற உருளையில முத்திரை, பாடியில கம்பெனி பேரு, நம்பரு. அத்தனையும் இழைச்சுப்போட்டீங்க."

நான் கடை என்றும் பார்க்காமல் கத்தினேன். தொடாதே என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். "நல்லதுக்குத்தான அம்மணி செஞ்சேன்" என்றார். நல்லதாம், நல்லது!

பெரியவருக்கு என்ன தோன்றியதோ, புதுக் கைப்பிடியின் திருகைக் கழற்றினார். கட்டைக்கு அடியில், பஃப் சக்கரம் போய்ச் சேராத ஒரு மூலையில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து எனக்குக் காட்டினார். ஒரு சின்னக் கிரீடம், அதன் கீழே ஓர் அம்புக்குறி. "வெள்ளைக்கார சர்க்கார் முத்திரைங்க. எந்த வருசம்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உங்கப்பா சொன்னது நெசமுங்க."

அழுதுவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அப்பா இல்லையே என்று அழுதேன். கேட்க வேண்டிய இன்னொருவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அப்ப விலை எவ்வளவுங்க போகும்?" என்று கேட்டார்.

"பழசு பழசாவே இருந்திருந்தா ஆசைப்பட்டு வாங்கறவங்க இருக்காங்க. இப்ப இதுக்கு விலையே இல்லைங்க. விலை போனாப் போகுது, நம்பரை அழிச்ச ஆயுதத்தை வெச்சிருக்கறதே குத்தமுங்க."

"லைசென்ஸ்ல நம்பர் இருக்குதுங்களே?"

"லைசென்ஸ்ல இருக்குது, துப்பாக்கில இல்லையே. இது அந்தத் துப்பாக்கிதான்னு யாருங்க சொல்றது?" ஸ்டேஷனில் ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு அவரே போன் செய்து தகவலும் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் அப்பா போலீஸ் என்றதும் உட்காரச் சொன்னார். பிறகு ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நம்பரை அழிச்சது யாருங்க?" என்று கேட்டார்.

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. "அது எங்கப்பா காலத்துலயே அப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார்.

சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா ஆயுதத்தின் நம்பரை அழித்தாராம். ஒரு குண்டூசியைக்கூட இலாகாவிலிருந்து வீட்டுக்கு எடுத்து வராத மனுஷன். செத்தவர் வந்து சாட்சி சொல்லவா போகிறார் என்கிற தைரியம். உயிரோடு இருந்தவரைக்கும் பொய்யர் ஆக்கியாயிற்று, இப்போது குற்றவாளியாகவும் ஆக்கியாயிற்று.

நான் எழுந்து நின்றேன். "பொய்யிங்க சார். ஆயுத பூசைக்கு இவருதான் பட்டறையில வெச்சு அழிச்சாரு. துப்பாக்கிக் கடைக்காரர்கிட்ட இவரே வாய் நிறையச் சொன்னாரு, கேட்டுப் பாருங்க. எங்கப்பா கையில இருந்த வரைக்கும் நம்பர் இருந்துச்சுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் நான் சொன்னதை எழுதினார்.

ரிவால்வர் அங்கேயே தங்கிவிட்டது. வழக்கு நடக்கிறது. அண்ணன் வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைகிறார். அதற்கு நடுவிலும் கல்யாண வீடுகளில், "எங்கப்பனோடது வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வருங்க, கிரீடம் போட்டது" என்று பெருமையடிக்கிறாராம். கேட்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்களாம். வயிறு எரிகிறது எனக்கு.

கூடப் பிறந்தவனைப் போலீசில் காட்டிக்கொடுத்தவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. இருக்கட்டும். அண்ணனுக்குப் பேச வாய் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், பரிந்துகொண்டு வரச் சொந்தபந்தம் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் அப்பாவுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?